நிழல்தாங்கலின் நிழல் யாருக்கு?

அய்யா துணை.

அன்புக்கொடி மக்களே! சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. சுண்ணாம்புக் காளவாயின் வெக்கையையும் மிளகாய் வற்றல் புகையையும் தாங்கியவர் அவர். அவர் வழியில் எழுந்த வழிபாட்டு இடங்களுக்குக் கோபுரம் என்றோ மண்டபம் என்றோ பெயர் இல்லை. நிழல்தாங்கல் என்றே பெயர்.

வேலூர் வெயிலை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். நாராயணர் பள்ளிகொண்ட ஊர் இது. தலைசாய்க்க இடமில்லாதவரும் இதே ஊரில்தான் இருக்கிறார். தோல் ஷாப்பில் உழைத்து ஓய்ந்து, பிள்ளைகள் கைவிட்ட கிழவர். நெடுஞ்சாலை ஓரம் மூட்டையோடு நடக்கும் சித்தம் கலங்கியவர். மார்கழிப் பனியில் கடை வாசலில் சாக்கைப் போர்த்திக் கிடப்பவரும் இவர்தான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இல்லம் ஒன்று, ஆண்டு முழுதும், 24 மணி நேரமும் என்று திட்டம் வகுக்கப்பட்டது. 2010-ல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்திய காரியம் இது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்றது. நல்லதுதான். ஆனால் குடும்பமே இல்லாதவருக்கு அந்தப் பணம் யார் கைக்குப் போகும்? லட்சம் தலை என்ற கணக்கில் பள்ளிகொண்டா பேரூராட்சி எட்டாது. வேலூரோ 20 கிலோமீட்டருக்கு மேல்.

2003-ல் பிரான்சு தேசத்தில் வெயிலால் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள் பலர். வீடு இருந்தது, கதவைத் தட்ட ஆள் இல்லை.

உச்சிப் பணிவிடை முடிந்ததும் தாங்கலைப் பூட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வெயில் கொல்லும் நேரமே அதுதான். பள்ளியறை பூட்டியிருக்கட்டும். வெளிக் கொட்டகை திறந்திருக்கட்டும். ஒரு பானைத் தண்ணீர், நாலு பாய் போதும். குளிக்காதவன் வருவான், குடித்தவன் வருவான் என்பார்கள். முந்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒன்றாக இறங்கியபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். அய்யா கிணற்றை மூடிவிடவில்லை.

வருகிறவருக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் ஒற்றி, விசிறி, உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கொட்டகை போதாவிட்டால், சமுதாயக் கூடத்தை மதியத்தில் திறந்துவிடும்படி பேரூராட்சி செயல் அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் பல ஊர்க் கூடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன.

அய்யா உண்டு.