விழப்போகிறவனுக்கும் ஒரு சுவர்

புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பியாக வேண்டும். எழுப்பாமல் விட்டு யாராவது விழுந்து செத்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வந்து சேரும். பைபிளில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம் சொல்வது இதைத்தான். கூட்டில் இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காமல் விட்டுவிடு என்ற கட்டளை அதற்கு முன்னால் இருக்கிறது. திராட்சைத் தோட்டத்தில் வேறு விதையைக் கலந்து விதைக்காதே என்ற கட்டளை பின்னால் வருகிறது. இரண்டுக்கும் நடுவில், எந்த முன்னுரையும் இல்லாமல், ஒரு கட்டட விதி.

அந்தக் காலத்து இஸ்ரவேலர் வீடுகளுக்குத் தட்டையான கூரை. சணல் தட்டையைக் காயப்போடுவது, கோடையில் பாய் விரித்துப் படுப்பது எல்லாம் அங்கேதான். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்தவன் விளிம்பு தெரியாமல் கால் வைத்துவிடலாம். அதற்குத்தான் சுவர்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இங்கிலாந்து அரசு வாடகை வீடுகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. 2015 அக்டோபர் 1 முதல், ஆட்கள் குடியிருக்கும் ஒவ்வொரு தளத்திலும் வீட்டுக்காரர் புகை அலாரம் பொருத்தியிருக்க வேண்டும். விறகோ நிலக்கரியோ எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் இது இன்னும் விரிந்தது: கேஸ் அடுப்பைத் தவிர, கேஸ் பாய்லர் போல நிலையாகப் பொருத்திய எந்த எரிசாதனம் அறையில் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். குடிவரும் முதல் நாளிலேயே அலாரங்கள் வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பழுது என்று குடியிருப்பவர் சொன்னால் சரிசெய்து தர வேண்டும். உள்ளாட்சி மன்றம் நோட்டீஸ் அனுப்பியும் செய்யாதவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம்.

மொட்டை மாடிச் சுவரும் கூரையில் ஒட்டிய வெள்ளை வட்ட அலாரமும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை. தன் கூரையின்கீழ் தூங்கும் அந்நியரின் உயிருக்கு ஒருவர் எவ்வளவு தூரம் பொறுப்பாளி?

அந்த உபாகம வசனத்தை வாசித்த யூத ரபிகளுக்கு ஒரு நெருடல் இருந்தது. சுவர் இல்லாத மாடியிலிருந்து விழுபவனை, அவன் விழுவதற்கு முன்பே வசனம் விழுபவன் என்று குறிப்பிடுகிறது. அப்படியானால் அவன் விழுவது முன்னமே விதிக்கப்பட்டதா? ஆம் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான பாபிலோனியத் தால்முத்தின் ஷபாத் பகுதி. படைப்பின் ஆறு நாட்களிலேயே அவன் விழுவது குறிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்கிறது. ஆனால் அதோடு வீட்டுக்காரனை விட்டுவிடவில்லை. நன்மை நல்லவன் வழியாகவும் கேடு குற்றமுள்ளவன் வழியாகவும் வந்து சேரும் என்கிறது. விழ வேண்டியவன் எங்கோ விழட்டும், அது உன் மாடியாக இருக்கக் கூடாது. விதியை மறுக்காமலே பொறுப்பை நிலைநிறுத்தும் இந்த வாதம், சாவு வீட்டில் "அவன் விதி முடிஞ்சிபோச்சு" என்று சொல்லிப் பழகிய எந்தச் சமூகமும் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று. விதி முடிந்திருக்கலாம். சுவர் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கனக்கிறது. மாடி விளிம்பைப் பகலில் கண் பார்க்கும், கால் தயங்கும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக்கூட எரிக்காது. கேஸோ விறகோ போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகிறது. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் அறைக்குள்ளேயே தங்குகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்குவதால் சளிக்காய்ச்சல் என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுப்பதுதான் ஆபத்து. வெளியே போனால் தெளிவதும், வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒருசேரத் தலைவலிப்பதும் இதன் அடையாளம். ஆனால் அதைக் கவனிக்க வேண்டிய மூளையைத்தான் வாயு முதலில் மந்தமாக்குகிறது. ஐரோப்பியத் தரத்தின்படி செய்த அலாரம், பத்து லட்சத்தில் 300 பங்கு அளவுக்கு இந்த வாயு காற்றில் இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் அலறும். மனித மூக்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் கண்டுபிடிக்காது.

தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத இடத்தில் ஒருவரை வைப்பவர், அவருக்குப் பதிலாக முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். வாடகை வாங்கும் உறவின் அடிப்படை அறம் இதுதான்.

ஆனால் வீடு ஒருவருடையது, குடியிருப்பவர் இன்னொருவர் என்றால் சுவரை யார் எழுப்புவது? இதையும் யூத மரபு கேட்டிருக்கிறது. தால்முத்தின் பாபா மெட்சியா என்ற பகுதியில் வரும் பதில் இன்றைய வாசகரைத் திடுக்கிட வைக்கும். கதவு, தாழ்ப்பாள், பூட்டு என்று தொழில் தெரிந்த கைவினைஞன் செய்ய வேண்டிய அனைத்தும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஏணி, தண்ணீர் வடியும் தூம்பு, கூரைப் பூச்சு ஆகியவற்றோடு மாடிச் சுவரும் குடியிருப்பவர் பொறுப்பு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் இதை அப்படியே ஏற்கிறார்.

இதைக் காட்டி வீட்டுக்காரர்கள் தப்பித்துவிட முடியாது. அந்தப் பிரிவினைக்குள் இருக்கும் நியாயத்தைப் பார்க்க வேண்டும்: தொழில் தெரிந்தவன் கை வேண்டிய வேலை, வீட்டை வைத்துச் சம்பாதிப்பவருடையது. அன்றாடம் அங்கே புழங்குபவர் கையால் ஆகிற வேலை அவருடையது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகள், வாடகை வீட்டின் பாய்லரைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்கின்றன. இங்கிலாந்து அரசின் வழிகாட்டுதல், அலாரத்தின் பேட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளும்படியும் அப்படியும் வேலை செய்யாவிட்டால் தெரிவிக்கும்படியும் குடியிருப்பவரிடம் சொல்கிறது. பழைய யூதச் சட்டத்தையும் இந்த பிரிட்டன் விதிகளையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஆனாலும் கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது.

குடியிருப்பவர் பக்கத்துக் கடமையையும் மைமோனிடிஸ் கறாராகவே சொல்கிறார். என் உயிர், நான் ஆபத்தில் மாட்டிக்கொண்டால் மற்றவனுக்கு என்ன என்று கேட்பவனுக்குக் கசையடி என்பது அவர் தீர்ப்பு. உயிர் முழுக்கத் தனிச்சொத்து இல்லை என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கு இது அந்நியமான பேச்சில்லை. கடுகு தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறது என்று அலாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால், பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் சேர்த்தே கழற்றியதாகும். சமையலறைக்கு ஏற்றது புகையை அல்லாமல் வெப்பத்தை உணரும் அலாரம். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விதி, சொந்த வீடு உட்பட.

மைமோனிடிஸ் சுவரின் தரத்தையும் குறிப்பிடுகிறார். பத்துக் கையகல உயரம் வேண்டும், ஒருவர் சாய்ந்தால் தாங்க வேண்டும். பேருக்கு ஒரு சுவர் எழுப்பினால் கடமை தீராது.

இந்த இடத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022 ஜனவரி 9, ஞாயிறு காலை. ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடி வாடகைக் குடியிருப்பில் ஒரு மின் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ பெரும்பாலும் அந்த ஒரு வீட்டோடு நின்றுவிட்டது. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடாததால் புகை படிக்கட்டு வழியே மேலே ஏறியது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள். அலாரம் அடித்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் காரணமே இல்லாமல் அது அடிக்கடி அடிக்கும் என்பதால், முதலில் கண்டுகொள்ளவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். சுவர் இருந்தது, சாய்ந்தபோது தாங்கவில்லை.

இறந்தவர்களில் பலர் காம்பியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை அணையாமல் விடாதீர்கள் என்ற நபிகளின் அறிவுரை அவர்கள் மரபிலும் உண்டு. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்த செய்தி வந்தபோது அவர் அப்படிச் சொன்னதாக ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன.

இங்கிலாந்தின் விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. கேஸ் அடுப்பு மட்டும் இருக்கும் அறைக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமில்லை. சட்டம் கேட்காததால் வேண்டாம் என்று வீட்டுக்காரர் விட்டுவிடலாம், அபராதம் வராது. ஆனால் அந்த அடுப்பும் அரைகுறையாக எரியக்கூடியதுதான். அபராதத்துக்குப் பயந்து செய்வது ஒரு வகை, இரத்தப்பழிக்கு அஞ்சிச் செய்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அறம்.

வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அலாரத்தின் சோதனைப் பொத்தானையும் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு அழுத்திக் கேளுங்கள். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைப் பாருங்கள். பழுதாக இருந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் தெரிவியுங்கள். வாடகைக்கு விடுகிறவர்கள், அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் அழுத்திக் காட்டுங்கள்.