எத்தனை கஜம் வரை கருணை?

கொல்கத்தா விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் டம்டம், ஒரு குண்டுக்குப் பெயர் கொடுத்த ஊர். 1890களில் அங்கே இருந்த பிரிட்டிஷ் ஆயுதச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே என்பவர் .303 துப்பாக்கிக் குண்டின் நுனியில் இருந்த உலோக உறையைக் கொஞ்சம் நீக்கி, உள்ளே இருக்கும் ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். முழுக்க உறை போட்ட குண்டு உடலுக்குள் புகுந்து அப்படியே மறுபக்கம் வெளியேறிவிடுகிறது, 1895 சித்ரால் சண்டையில் சுடுபட்ட பழங்குடி வீரர்கள் விழாமல் ஓடிவந்தார்கள் என்று படை அதிகாரிகள் குறைப்பட்டிருந்தார்கள். ஈய நுனி உடலுக்குள் போனதும் நசுங்கி விரிந்தது. காயம் பெரிதானது. அதைக் கேட்டு ஐரோப்பா முகம் சுளித்தது. 1899 ஜூலை 29 அன்று ஹேக் மாநாட்டில், மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகள் அறிவித்தன. முதலில் முரண்டு பிடித்த பிரிட்டன் 1907இல் ஒப்புக்கொண்டது.

அதே பிரிட்டனில் இன்று மான் சுடப் போகிறவர் விரியும் குண்டுதான் போட வேண்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெரும்பாலான மான் வகைகளுக்குக் குழலின் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல் வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது, குண்டு விரியக்கூடியதாக இருக்க வேண்டும். போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கப்பட்டது காட்டில் கருணை என்று கட்டாயமாகிறது.

இது வெறும் முரண் என்று தள்ளிவிட முடியாது. சிப்பாயைச் சுடுகிறவனுக்கு எதிரி களத்திலிருந்து விலகினால் போதும். காயம் ஆறி அவன் ஊர் திரும்பலாம், திரும்ப வேண்டும் என்பதே ஹேக் அறிவிப்பின் எதிர்பார்ப்பு. மானுக்கு மருத்துவமனை இல்லை. அதைச் சுடுவது என்று முடிவான பிறகு சாவு எவ்வளவு விரைவில் வருகிறது என்பது ஒன்றுதான் மிச்சமிருக்கும் அறம். இதயமோ நுரையீரலோ கிழிந்தால் நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்களில் முடியும். குண்டு கொஞ்சம் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால் அந்த மான் எங்கோ புதருக்குள் படுத்து மணிக்கணக்கில் சாகும்.

கொல்வதே தவறு என்று நம்புகிறவருக்கு இந்தப் பேச்சு முழுவதும் வீண். குண்டு சரியான இடத்தில் பட்டதால் கொலை புண்ணியமாகிவிடாது என்று அவர் சொன்னால் அதற்குப் பதில் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை என்பதால் இங்கே பலருக்கும் கேள்வி அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஓநாய் அற்றுப்போன ஸ்காட்லாந்து மலைகளில் மான் தொகையைக் குறைக்க ஆண்டுதோறும் சுட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குளிர்காலத்துக்கான இறைச்சியை ஒரு எல்க் மானிலிருந்து எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அங்கே சுடுகிறவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: எத்தனை தூரம் வரை என் குறியை நான் நம்பலாம்?

இந்தக் கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் தொழில்நுட்பம் ஒரு மயக்கும் பதிலை வைத்திருக்கிறது. 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் தோட்டா முதலில் குறிசுடும் போட்டிகளுக்காகப் பிறந்தது; பிறகு வேட்டைக்காரர்கள் கைக்கு வந்தது. மெல்லிய நீண்ட குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகத்தை எளிதில் இழக்காது. 2015இல் அதே நிறுவனம் தொலைதூர வேட்டைக்கென்றே ஈஎல்டி-எக்ஸ் என்ற குண்டை வெளியிட்டது. பழைய பிளாஸ்டிக் நுனிகள் பறக்கும்போதே காற்றின் உராய்வில் சூடேறி உருக்குலைகின்றன என்று டாப்ளர் ராடாரில் கண்டுபிடித்து, சூடு தாங்கும் நுனியைப் பொருத்தினார்கள்.

கடைத் தோட்டாவில் திருப்தியில்லாதவர்கள் சொந்தமாகத் தோட்டா செய்கிறார்கள். அமெரிக்காவில் கார் கொட்டகையின் மூலையில் ஒரு மேசை, அதில் இரும்பு நெம்புகோல் கொண்ட அழுத்துபொறி. சுட்டு முடித்த பித்தளை உறையைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரைப் பொருத்துவார்கள். மருந்தைத் தராசில் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் என்பதே 65 மில்லிகிராமுக்கும் குறைவு. கடைசித் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு குண்டை உறையின் வாயில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் இறக்குவார்கள். இத்தனையும் எதற்கு? ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் கிளம்பும் வேகத்தில் நொடிக்கு 30 அடி வித்தியாசம் இருந்தால் 500 கஜத்தில் ஒன்றரை அங்குலம்தான் ஏறி இறங்கும், 1,000 கஜத்தில் ஏழெட்டு அங்குலம். மானின் நெஞ்சில் உயிர்நிலை என்று சொல்லும் வட்டத்தின் குறுக்களவே எட்டிலிருந்து பத்து அங்குலம்.

இந்த வேலையில் ஒரு தவத்தன்மை இருக்கிறது என்பார்கள் இதைச் செய்கிறவர்கள். பாதி உண்மை. தான் கொல்லப்போகும் உயிருக்காக இரவெல்லாம் உட்கார்ந்து மருந்து நிறுக்கிறவனிடம், கடையில் மலிவாகக் கிடைத்த பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறவனிடம் இல்லாத கவனம் இருக்கிறது. மறுபாதி வேறு. நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரே கிழிசலாக விழுந்த காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறவனின் மனத்தில் மான் இருக்கிறதா, காகிதம் இருக்கிறதா?

காகிதம் நடக்காது. 143 கிரெய்ன் ஈஎல்டி-எக்ஸ் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பினால் 500 கஜத்தைக் கடக்க ஏறக்குறைய 0.64 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஒரு எட்டு முன்னே வைத்துவிடலாம். அப்படி வைத்தால் நெஞ்சுக்குப் போன குண்டு வயிற்றுக்குப் போகும். எந்த மருந்து, எந்தக் குண்டு, எந்த ஸ்கோப் வைத்தும் அந்த ஒரு எட்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. காற்று இன்னொரு பகை. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் இந்தக் குண்டு 500 கஜத்தில் பதினைந்து அங்குலம் ஒதுங்கும். பத்து மைல் என்று எண்ணித் திருத்திச் சுட்டு, உண்மையில் ஆறு மைல்தான் அடித்திருந்தால் குண்டு ஆறு அங்குலம் தள்ளிப் போகும். புல் அசைவதைப் பார்த்துப் பள்ளத்தாக்கின் நடுவே வீசும் காற்றை நான்கு மைல் பிசகில்லாமல் சொல்பவர்கள் அதிகம் பேர் இல்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு, குறி தப்பாதபோதும் வருவது. விரியும் குண்டு வேகம் இருந்தால்தான் விரியும். பல குண்டுகளுக்கு நொடிக்கு 1,800 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கீழ் எல்லை. சில புதியவற்றுக்கு 1,600. பழைய வடிவ .308 வின்செஸ்டர் 150 கிரெய்ன் குண்டு 2,820 அடி வேகத்தில் கிளம்பினாலும் 400 கஜத்துக்குள்ளேயே 1,800க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கிரீட்மூர் குண்டு 700 கஜம் வரை இழுத்துப் பிடிக்கும். அந்த எல்லைக்கு அப்பால் ஒரு விசித்திரம் நடக்கிறது: கருணைக்காகச் சட்டம் கேட்ட குண்டு, சரியான இடத்தில் பட்டும், திறக்காமல் சின்னத் துளை போட்டுக்கொண்டு வெளியேறிவிடலாம். டம்டம் ஆயுதச் சாலை எந்தக் குண்டைக் குறை சொல்லித் திருத்தியதோ, தூரம் அதையே திரும்பவும் உண்டாக்கிவிடுகிறது.

மிகத் துல்லியமாகப் பறக்கும் போட்டிக் குண்டையே காட்டுக்கும் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். சியர்ரா நிறுவனத்தின் மேட்ச்கிங் குண்டுக்கு நுனியில் நுண்ணிய துளை உண்டு. அது தயாரிப்பு முறையில் வருவது, விரிவதற்கென்று வைத்ததல்ல. 1990இல் அமெரிக்க ராணுவத்தின் சட்ட ஆலோசகர் ஹேஸ் பார்க்ஸ் இந்தக் காரணத்தைக் காட்டித்தான் அது ஹேக் அறிவிப்பை மீறவில்லை, மறைந்திருந்து சுடும் வீரர்கள் பயன்படுத்தலாம் என்று கருத்துரை எழுதினார். அதைச் செய்யும் நிறுவனமோ பெரும்பாலான வேட்டைக்கு அந்தக் குண்டைப் பரிந்துரைப்பதில்லை.

கிட்டத்தில் சிக்கல் நேர்மாறு. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். குண்டுகள் உள்ளே இறங்காமல் மேலேயே சிதறிப்போயின. ஊர் திரும்பிய அவர் ஈயத்தின் நடுவே ஒரு செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி கட்டுக்குலையாமல் ஊடுருவும். 1948 முதல் விற்பனைக்கு வந்த நாஸ்லர் பார்ட்டிஷன் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஒரு விலங்கு பட்ட பாட்டிலிருந்து பிறந்த வடிவமைப்பு என்பதால், போட்டி மைதானத்தில் பிறந்தவற்றைவிட அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு.

கொன்ற மானோடும் கணக்கு முடிவதில்லை. குண்டு சிதறும்போது ஈயத் துகள்கள் குடலில் தங்குகின்றன. காட்டில் விட்டுப்போன அந்தக் குடலைத் தின்ற கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தன. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. மாற்றாக வந்த முழுச் செம்புக் குண்டு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகத்தால் ஆனது; வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், விரிவதற்கும் பொதுவாகக் கூடுதல் வேகம் கேட்கும். கழுகுக்குக் காட்டும் இரக்கம் சுடும் தூரத்தைக் குறைத்துவிடுகிறது. நல்லதுதான்.

எப்படிச் செத்தது என்ற கேள்வியை மதங்கள் துப்பாக்கிக்கு வெகுகாலம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. அதீ இப்னு ஹாதிம் என்ற நபித்தோழர் வேட்டைக்காரர். இறகில்லாத கனத்த அம்பால் அடித்த விலங்கைப் பற்றி அவர் நபிகள் நாயகத்திடம் கேட்டதும் அதற்குக் கிடைத்த பதிலும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. முனை குத்தி இறந்தால் உண்ணலாம். பக்கவாட்டில் பட்டு அடிபட்டு இறந்தால் கூடாது. அடிபட்ட விலங்கு நீரில் விழுந்து கிடந்தால் அதையும் உண்ணக் கூடாது, கொன்றது அம்பா நீரா என்று தெரியாதே. துப்பாக்கி வந்தபோது இந்த அளவுகோலை வைத்தே சட்ட அறிஞர்கள் வாதிட்டார்கள். குண்டு துளைக்கிறது, ஆகவே கூடும் என்றார்கள் சிலர். அது மோதி நசுக்குகிறது, ஆகவே உயிர் இருக்கும்போதே அறுத்தால் ஒழியக் கூடாது என்றார்கள் ஹனஃபி மரபில் பலர். குண்டின் முனை எப்படி வேலை செய்கிறது என்பது ஹலால், ஹராம் பற்றிய விவாதமானது. சுட்ட பிறகு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் அது உன் வேட்டை ஆகாது என்ற அந்த நீர் பற்றிய தீர்ப்பு, எழுநூறு கஜம் தள்ளிச் சுட்டுவிட்டு, மான் புதருக்குள் மறைந்ததும் ‘தப்பியிருக்கும்’ என்று எழுந்துபோகிறவனை நேராகக் கேள்வி கேட்கிறது. ரத்தத் துளியைத் தேட அவன் பள்ளத்தாக்கு முழுக்க இறங்கி ஏற வேண்டும். கிட்டத்தில் சுட்டவனுக்குக் கண்ணெதிரே கிடக்கும் தடயம் இவனுக்கு அரை மணி நேர நடை. மான் நின்ற இடம் எது என்பதே அங்கே போய்ச் சேர்வதற்குள் குழம்பிவிடும்.

தசரதனின் கதை இங்கே தானாக நினைவுக்கு வரும். சரயுவில் முனிகுமாரன் ஒருவன் குடம் மொள்ளும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று கேட்டு, கண்ணால் காணாமல் எய்தான். கதையில் அவன் அம்பு இம்மியும் பிசகவில்லை. ஓசை வந்த இடத்திலேயே தைத்தது. ஓசையைக் கேட்டே அடிக்கும் வித்தை அவனிடம் இல்லாமலிருந்தால் அந்த முனிகுமாரன் பிழைத்திருப்பான்.

ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ கஸெத் 1942இல் நண்பர் ஒருவரின் வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில் இதற்கு அருகில் வருகிறார். ஆயுதம் வலுக்க வலுக்க வேட்டைக்காரன் தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டான், விலங்குக்குத் தப்பிக்க வழியே இல்லாத இடத்தில் வேட்டை என்ற ஒன்றே இல்லை என்பது அவர் வாதம். 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர் கிளப்பும் தொலைதூரச் சூடு பற்றிய தன் நிலைப்பாட்டில் இத்தனை கஜம் என்று எண் எதுவும் சொல்லவில்லை, நோக்கத்தைத்தான் பார்க்கிறது. எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்று உயிருள்ள விலங்கின் மீது சோதித்துப் பார்ப்பது வேட்டை ஆகாது என்கிறது. நேர்மையான பேச்சுதான். ஆனால் ஒர்தேகாவின் வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. தப்பிக்க வாய்ப்பு என்பது முழுசாகத் தப்பிப்பதற்கான வாய்ப்பாக இருக்க வேண்டும். தொலைவு தருவது பாதி தப்பிப்பு, காயத்தோடு. நெருங்கிப் போகிறவனின் வாடையை மான் மோப்பம் பிடித்து ஓடினால் அது பிழைத்தது. அறுநூறு கஜத்தில் படுத்திருக்கிறவனை அது அறியவே அறியாது. குண்டு ஒலியை முந்திக்கொண்டு வருவதால் வெடிச்சத்தம்கூட எச்சரிக்காது.

எண் சொல்லச் சட்டங்களும் தயங்குகின்றன. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் பெரிய விலங்குகளை வேட்டையாட 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கி கூடாது என்கிறது. தரையில் ஊன்றி வைத்து மிக நீண்ட தூரம் சுடும் கனத்த துப்பாக்கிகளை விலக்கும் சுற்றுவழி அது. இலகுவான கார்பன் இழைக் குழல்கள் வந்துவிட்ட பிறகு ஏழு பவுண்டிலேயே அந்தத் தூரம் கைக்கு எட்டுகிறது. பொறுப்பான வேட்டைக்காரர்கள் சிலர் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். தன் குண்டு விரியும் வேகத்துக்குக் கீழே இறங்கும் தூரத்தை முதலில் பார்க்கிறார்கள். பிறகு மேசையை விட்டு எழுந்து, மலையேறி மூச்சு வாங்கும் நிலையில், முதுகுப்பையைத் தாங்கலாக வைத்து, சூடேறாத குழலிலிருந்து சுடும் முதல் குண்டு எட்டு அங்குலத்துக்குள் விழும் தூரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் முதலாவதில் பாதிகூட வருவதில்லை, காற்று அடித்தால் அதுவும் சுருங்கும். மிச்சத் தூரத்தைப் புல்லில் தவழ்ந்துதான் கடக்க வேண்டும்.