குடவோலையில் இடம்பெறாத பெயர்கள்

உத்திரமேரூர் என்றதும் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுவது குடவோலை. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் பொறிக்கப்பட்ட விதிகள் உலகப் புகழ் பெற்றவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் அக்குடத்தருகே வரவும் தகுதியற்றவராயினர். இவ்விதிகளைப் படிக்குந்தோறும் நாம் பெருமிதம் கொள்கிறோம், அது தக்கதே.

ஆனால் அதே கல்வெட்டு வேறொன்றையும் உரைக்கிறது. ஒருவன் பெயர் ஓலையில் ஏற வேண்டுமாயின் அவனுக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் அவன் குடியிருத்தல் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். உழுதவர், மண் சுமந்தவர், நெய்தவர் ஆகியோரின் பெயர்களுக்கு அக்குடத்தில் இடமில்லை. ஊரில் வாழ்வது வேறு. ஊராராக எண்ணப்படுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு அறத்தின்பாற்பட்டதா என்பதே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விழையும் வினா.

வினா பழையதன்று. இன்று உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்ப் பிள்ளைகள் விடியுமுன் கம்பெனிப் பேருந்தேறி ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் செல்கின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற செங்கற் சூளைகளிலும், கட்டட வேலைகளிலும், உணவகங்களின் அடுப்படிகளிலும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் இளைஞர்கள் நிற்கின்றனர். தமிழக நெல் வயல்களில் மேற்கு வங்கத்துக் குழுக்கள் நாற்று நடும் காட்சியும் இப்போது புதுமையன்று. 2015ஆம் ஆண்டளவில் அரசு எடுத்த கணக்கின்படித் தமிழகத்திலிருந்த வெளிமாநிலத் தொழிலாளர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தனர். செங்கல்பட்டு 2019இல் தனி மாவட்டமாகப் பிரியுமுன் எடுத்த கணக்கு அது.

இவர்கள் எங்கிருந்து வருகின்றனர்? ஏன் வருகின்றனர்? 'பிழைக்க வந்தவர்கள்' என்னும் இரண்டு சொற்களில் நாம் அதற்கு விடையளித்து விடுகிறோம். அவ்விடை பொய்யன்று, ஆனால் சோம்பல் மிகுந்தது.

வட பீகாரின் கோசி ஆற்றங்கரையை நினைத்துப் பாருங்கள். 2008 ஆகஸ்டில் நேபாள எல்லைக்கு அப்பால் குசஹா என்னுமிடத்தில் அவ்வாற்றின் கரை உடைந்தது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர், வயல்களை மணல் மூடிற்று. வெள்ளம் மட்டுமே காரணமன்று. 1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டம் அம்மண்ணை ஜமீன்தார்களின் கையில் ஒப்படைத்தது. உழுதவன் தலைமுறை தலைமுறையாகக் குத்தகையாளனாகவே நின்றான். விடுதலைக்குப் பின்னரும், நிலக்கரியையும் இரும்பையும் நாடெங்கும் ஒரே சரக்குக் கட்டணத்தில் கொண்டுசெல்லும் கொள்கை 1950களில் வந்தது. கனிமம் அவர்கள் மண்ணில் கிடைக்க, ஆலைகள் தொலைவிலுள்ள துறைமுக நகரங்களில் எழுந்தன. அக்கொள்கையின் பயனைப் பெற்ற மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. இன்று தமிழகத்தின் தனிநபர் வருமானம் பீகாரினதைப் போல் நான்கு மடங்கிற்கும் மேல். அங்கிருந்து ஓர் இளைஞன் இங்கு வருவது, அவன் மண்ணின் செல்வம் முன்பே சென்ற திசையில் அவனும் நடந்து வருவதன்றி வேறென்ன?

மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளின் கதை வேறு. அங்கு மழை பொய்த்தால் வேறு வழியில்லை. புத்தரிசித் திருநாளான நுவாகாய் முடிந்ததும் முகவர் முன்பணத்துடன் ஊருக்குள் வருவார். 'தாதன்' என வழங்கும் அம்முறையில் கணவன், மனைவி, பிள்ளை ஆகிய மூவரையும் ஓர் அலகாகக் கணக்கிட்டுப் பணம் தருவர். அக்கடனைச் செங்கல் அறுத்தே தீர்க்க வேண்டும். குளிர் தொடங்கும் வேளையில் புறப்பட்டு, அடுத்த மழைக்கு முன் திரும்புவர். அவ்வாறு வருவோர் சூளையோரத்துக் குடிசையில் தங்கி, நம் வீடுகளுக்கான கற்களை அறுத்து அடுக்குகின்றனர். சொந்த மனையில் வீடு இருப்பதே ஊராண்மைக்குத் தகுதி என்று எழுதிய மண்ணில், வீடுகளுக்குக் கல் தருபவனுக்கு வீடில்லை.

நம் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படித் தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3. நம் இல்லங்களில் பிள்ளைகள் குறைந்தனர். பிறந்த பிள்ளைகளும் கற்று, நிழலில் அமர்ந்து செய்யும் வேலையை நாடினர். அதில் தவறில்லை. ஆனால் காலியான இடத்திற்கு நாமே ஆளை அழைத்துவிட்டு, வந்தவனைப் பார்த்து 'ஏன் வந்தாய்?' என்று வினவுதல் முறையாகுமா?

உத்திரமேரூரும் வந்தவர்களைக் கொண்டு அமைந்த ஊர்தான். 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் இதனை வேதம் வல்லார்க்குச் சதுர்வேதிமங்கலமாக வழங்கினான். குடியமர்ந்தோர் நிலம் பெற்றனர். நிலம் பெற்றமையால் ஊராராயினர். ஊராரானமையால் விதி வகுத்தனர். ஆகவே வந்தவன், இருந்தவன் என்னும் பாகுபாடு வெளித்தோற்றமே. உண்மையான பாகுபாடு, மன்னனின் செப்பேட்டுடன் வந்தவனுக்கும் முகவரின் முன்பணத்துடன் வந்தவனுக்கும் இடையில் உள்ளது. முன்னவனை நூறாண்டிற்குள் 'பூர்வகுடி' என்போம். பின்னவனை மூன்று தலைமுறை சென்றாலும் 'வெளியூரான்' என்போம்.

நம் சமுதாயம் இதனை ஏட்டில் கற்க வேண்டியதில்லை. நம் முன்னோர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் இரங்கூனிலும் 'வந்தவர்'களாகவே வாழ்ந்தனர். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரின் சூலியா பள்ளிவாசலும் அவர்கள் அந்நிய மண்ணில் ஊன்றிய வேர்கள். அவ்வாறு ஊன்ற இடம் கிடைத்தவிடத்தில் தழைத்தனர். பர்மாவில் 1964இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதோ, ஆயுட்கால உழைப்பை விட்டு வெறுங்கையராய்க் கப்பலேறினர். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள், தாய்மொழி தமிழாயிருந்தும், பல தலைமுறையாய் வாழ்ந்த மண்ணிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டனர். ஊரார் என்னும் உரிமையை ஒருவர் கையிலிருந்து பறிப்பது எத்துணை எளிது என்பதை நம் இல்லத்து முதியோரே அறிவர்.

இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த நாளிலிருந்து தொடங்கவில்லை. 622இல் அவர்கள் ஊர் பெயர்ந்ததிலிருந்தே தொடங்குகிறது. மக்காவை நீங்குகையில் அந்நகரே தமக்கு உவப்பானதென்றும், அதன் மக்கள் வெளியேற்றியிராவிடில் தாம் நீங்கியிரோம் என்றும் பெருமானார் வருந்தி மொழிந்ததாக ஹதீஸ் நூல்கள் கூறும். பிறந்த மண்ணை எவரும் விளையாட்டாய் விடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மதீனாவில் வந்தோரையும் இருந்தோரையும் இருவர் இருவராகச் சகோதரராக்கினார்கள் நாயகம். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை வழங்க முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவரை வாழ்த்திவிட்டு, கடைத்தெருவிற்கு வழி கேட்டார். வந்தவர் தானம் கேட்கவில்லை. உழைக்க வழி கேட்டார். இருந்தவர் வழியை அடைக்கவில்லை. மதீனத்து உடன்படிக்கையோ அந்நகரின் யூதக் குலங்களையும் உரிமையோடு உள்ளடக்கிற்று. எனவே இக்கடமை நம் மார்க்கத்தவர்க்கு மட்டும் உரியதென்று சுருக்குவதற்கும் இடமில்லை.

'அவர்கள் வருவதால் நம் கூலி குறைகிறதே' என்பார் உண்டு. இக்கவலையை நாம் எள்ளி நகையாடலாகாது. உத்திரமேரூர்க் கூலித்தொழிலாளிக்கு அது வயிற்றுக் கவலை. ஆனால் கூலியைக் குறைப்பவர் யார்? குறைந்த கூலிக்கு வந்தவனா, அவன் இயலாமையைக் கண்டு குறைத்துத் தந்தவரா? ஒரே வேலை செய்யும் உள்ளூரானுக்குக் குறையாத கூலியும், ஊர்பெயர்ந்தமைக்குத் தனிப்படியும் தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அந்நெறி மெய்யாகவே நடைமுறையில் நின்றால் இருவரும் பிழைப்பர். இருவருள் ஒருவனை மலிவாக்கினால் மற்றவனும் மலிவாவான்.

'விருந்தோம்பல் நம் பண்பு. அவர்களை விருந்தினராய் நடத்துகிறோம்' என்பார் மற்றும் சிலர். சொல் இனியது, ஆயினும் பொருந்தாது. விருந்தினன் உண்டு செல்பவன். நமக்காகச் செங்கல் அறுப்பவனும் பாத்திரம் துலக்குபவனும் விருந்தினன் அல்லன். அவன் அண்டை வீட்டான். விருந்தினனுக்கு நாம் அளிப்பது அன்பு; அண்டை வீட்டானுக்கு உரியது உரிமை. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளரைத் தமிழகத்தில் தாக்குகின்றனர் என்னும் பொய்ச் செய்தி பரவியபோது அவர்கள் அஞ்சி இரயில் நிலையங்களில் குவிந்தனர். பீகார் அரசே குழுவனுப்பி உண்மை அறிய நேர்ந்தது. அண்டை வீட்டானின் பெயரை நாமும், நம் பெயரை அவனும் அறிந்திருந்தால் அப்பொய் அத்துணை விரைவில் வென்றிருக்குமா?

ஆகவே நாம் குடவோலையைக் குறை கூறுவதோடு நின்றுவிடலாகாது. நம் ஜமாஅத்துகளிலும் ஒரு பெயரேடு உண்டு. சந்தா செலுத்தும் குடும்பங்களின் பட்டியல் அதிலுள்ளது. நிக்காஹ் பதிவும், மையவாடியில் இடமும், வழக்குத் தீர்ப்பும் பல ஊர்களில் அதனைக் கொண்டே நடைபெறுகின்றன. வெள்ளிதோறும் நம் தோளோடு தோள் உரசி நிற்கும் வங்காளத்து இளைஞனும் பீகார் இளைஞனும் அந்த ஏட்டில் உளரா? ஸலாம் கொடுத்தபின் அவர்கள் ஊரையும் பெயரையும் நம்மில் எத்தனை பேர் வினவியுள்ளோம்? அவர்களுள் ஒருவன் இங்கு மரணித்தால், அவன் தாய்க்குச் செய்தி அனுப்ப நம்மிடம் ஒரு முகவரி உண்டா? அவனுடன் சூளையில் உழைக்கும் ஒடிசாத் தோழன் நம் மார்க்கத்தவனல்லன்; அவனுக்குக் கூலி மறுக்கப்பட்டால் அவன் பொருட்டுப் பேச நம் முத்தவல்லி செல்வாரா?

இவற்றைச் செய்யப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஏட்டில் சில பக்கங்களும், வாரத்தில் அரைமணி நேரமும், கேட்கும் மனமும் போதும். அடுத்த ஜும்ஆவிற்குப் பின் ஜமாஅத் பெரியோர் அந்த ஏட்டைத் திறந்து, வந்தோரின் பெயர்களையும் எழுதத் தொடங்குவார்களாக. அன்ஸாரிகளின் வழியில் நடக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!