பழஞ்சோறும் எச்சிற்சோறும்

இரவில் மிஞ்சிய சோற்றைக் காலையில் உண்பது இழிவாகுமா என்று ஐதராபாத்தில் வாழும் நம்மவர் சிலர் வினவுகின்றனர். பழஞ்சோறு ஏழ்மையின் அடையாளமென்று எண்ணி, அதனைக் குப்பையிற் கொட்டிவிட்டுக் கடை ரொட்டி வாங்குவோரும் உளர். இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் உடலைக் கருதுவோம். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. அது சிலருடைய சிறுகுடலைப் புண்படுத்தும். அதனைச் சீலியாக் நோய் என்பர். இந்நோயாளருக்குக் கோதுமை தீங்கு செய்வதை ஹாலந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வுரையில் விளக்கினார். அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு ஆகியவற்றில் அப்புரதம் இல்லை. ஆகவே அத்தகையோர்க்குப் பழஞ்சோறு ஏற்ற காலையுணவாம். சோற்றை ஆறவைத்து, மூழ்குமளவு நீர் ஊற்றி மூடிவைத்தால் விடிவதற்குள் இலேசாகப் புளிக்கும். உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்ணலாம். தெலுங்கர் இதனைச் சத்தன்னம் என்பர். மிஞ்சிய சோற்றை அரிசிமாவுடன் பிசைந்து அடையாகவும் தட்டலாம், ரவை சேர்த்தலாகாது. கடைப் பெருங்காயத்தூளிலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. கோடையில் நண்பகல்வரை வைத்திருத்தலும், நூல்விட்டதை உண்ணலும் ஆகா.

இனி மானத்தைக் கருதுவோம். பிறர் எறியும் எச்சிற்சோற்றை ஏற்றலாகாது என்று அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் நம் மக்களுக்கு அறிவுறுத்தினார். அதனை எண்ணியே சிலர் பழஞ்சோற்றையும் வெறுக்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. தன் உழைப்பால் வந்த சோறு ஓரிரவு கழிந்ததனால் மாசுறாது. தாம் உண்ணத் தகாதென்று ஒதுக்கியதை, வீட்டு வேலை செய்யும் அம்மையாருக்குத் தனித்தட்டில் இடுவதே இழிவு. அவ்விழிவும் இட்டவரையே சாரும்.

அங்ஙனமாயின் பிக்கு ஏற்கும் பிச்சையும் எச்சிலோ எனின், அன்று. பிக்கு தம் விருப்பத்தால் ஓடேந்துகின்றார். இல்லறத்தார் வணங்கி இடுகின்றனர். பசித்த வேலையாளோ, மறுத்தால் வேலை போகுமென்று அஞ்சி வாங்குகின்றார்.

வீணாக்குவதினும் கொடுத்தல் நன்றன்றோ என்பீர். கொடுக்க எண்ணுவோர் சோறு வடித்த பொழுதே பங்கிட்டுக் கொடுக்கட்டும். மிஞ்சியதைத் தாமும் உண்டு, உடன் அமர்ந்து உண்ண அழைக்கட்டும்.

நம்மவருள்ளும் இன்று வேலையாள் வைத்திருப்போர் உளர். நம் பிள்ளைகள் பழஞ்சோற்றை ஒளித்துண்ண வேண்டா. நாம் உண்ணாததை நம் வீட்டில் உழைப்பவர்க்கு இடவும் வேண்டா.