எட்டும் தூரத்தில் மீன்

கைக்கு எட்டாத பொருளை விட்டுவிடுவதற்குப் பொறுமை தேவையில்லை. எட்டும் பொருளைத் தொடாமல் நிற்பதற்கே அது தேவைப்படுகிறது. மனிதனுடைய ஒழுக்கம் எங்கே சோதிக்கப்படுகிறது என்று கேட்டால், சிலர் வறுமையைச் சொல்வர். சிலர் செல்வத்தைச் சொல்வர். இவ்விரண்டிலும் சேராத சோதனை ஒன்றும் உண்டு. அனுமதி நாளைக்குத்தான், பொருளோ இன்றே கண்முன் நிற்கிறது, பார்ப்பார் எவரும் இலர். அப்பொழுது மனிதன் என்ன செய்கிறான்? இக்கேள்வியை ஆராய, வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் நிகழும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் ஐலண்ட் தீவைச் சுற்றி உவர்நீர்க் கழிகள் பல உள்ளன. மார்ச் மாத இறுதியிலும் அங்கே குளிர் விட்டபாடில்லை; கடல் நீரில் கை வைக்க முடியாது. ஆனால் ஆழமற்ற கழிகளின் கருஞ்சேறு பகல் வெயிலை வாங்கிக்கொண்டு கடலுக்கு முன்பே வெதுவெதுப்படைகிறது. மாலையில் நீர் வடியும்போது அந்த வெப்பம் கழிமுகம் வழியே வெளியேறுகிறது. அதை நாடி மீன்கள் கரையோரம் வந்து சேர்கின்றன. படகு வேண்டியதில்லை, கரையில் நின்று தூண்டில் வீசினாலே போதும்.

அவற்றுள் அம்மக்கள் மிகவும் விரும்புவது ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ எனும் மீன். வெள்ளிநிற உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். நம் கொடுவாவைப் போல உப்புநீரிலும் நன்னீரிலும் வாழவல்லது. வசந்தத்தில் ஹட்சன் முதலிய ஆறுகளில் ஏறிச் சென்று முட்டையிடுகிறது. பெரிய பெண்மீன் ஒன்றின் வயிற்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் கடல்நீர்ப் பகுதியில் இதனைப் பிடித்துக்கொள்ளும் பருவம் ஏப்ரல் 15இல் தொடங்கி டிசம்பர் 15இல் முடிகிறது. ஆக, மீன் வந்துவிட்ட பின்னும் அனுமதி வராத சில வாரங்கள் எஞ்சுகின்றன. நம் கேள்வி அந்தச் சில வாரங்களைப் பற்றியது.

இவ்விதி எவருடைய வீம்பினாலும் பிறந்ததன்று. 1970களின் இறுதியில் இம்மீனினம் மிகவும் அருகிப்போயிற்று. 1984இல் அமெரிக்கப் பேரவை இதற்கெனவே ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை இதைப் பிடிப்பதை அறவே தடை செய்தது. மக்கள் பொறுத்திருந்தனர், 1995இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2019இல் வெளியான மதிப்பீடு, அளவுமீறிப் பிடித்ததால் அது மீண்டும் குறைந்துவிட்டதென்று காட்டியது. பொறுமை மீட்டுத் தந்ததை அவசரம் மறுபடியும் கரைத்துவிட்டது.

இனி, பருவத்துக்கு முன் தூண்டில் வீசுவோன் தன் மனத்துக்குச் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். ‘நான் தேடுவது இம்மீனையன்று’ என்பது முதலாவது. தட்டைமீன் வகையொன்றுக்கு அங்கே ஏப்ரல் 1 முதலே அனுமதி உண்டு. அதற்கெனத் தூண்டில் போட்டேன், இது தானாக வந்து மாட்டிற்று என்று ஒருவன் சொன்னால் எவராலும் மறுக்க இயலாது. அவன் எந்த இரையைக் கோத்தான், எந்த நீரோட்டத்தை நோக்கி எறிந்தான் என்பது அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அளக்கப்படும் என்று கற்ற நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

‘பிடித்தாலும் விட்டுவிடுகிறேனே’ என்பது இரண்டாவது. இது நேர்மையான வாதம்போல் தோன்றுகிறது, ஒருவகையில் நேர்மையானதும்கூட. எனினும், விடப்படும் மீன்களில் நூற்றுக்கு ஒன்பது இறந்துபோவதாக அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் கணக்கில் கொள்கிறது. நூறு பேர் ஆளுக்கொரு மீனைப் பிடித்து விட்டால், ஒன்பது மீன் ஒருவர் வயிற்றுக்கும் பயனின்றி மடிகின்றன. இதனை எண்ணியே மேரிலாந்து 2020இல், ஏப்ரல் மாதத்தில் பிடித்து விடுவதையும் தடுத்தது. ‘நான் ஒருவன் பிடித்தால் கடல் வற்றிவிடுமா’ என்பது மூன்றாவது. வற்றாதுதான். ஆனால் இவ்வாதத்தைக் கரையில் நிற்கும் ஒவ்வொருவனும் சொல்ல முடியும். ஒவ்வொருவனும் சொல்லித்தான் 1970களில் அந்நிலை வந்தது.

இவ்விடத்தில் திருக்குர்ஆனின் அல் அஃராஃப் அத்தியாயம் எடுத்துரைக்கும் கடற்கரை ஊரார் நம் நினைவுக்கு வருகின்றனர். சனிக்கிழமையில் மீன் பிடிக்கலாகாது என்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை. அன்றுதான் மீன்கள் நீர்மட்டத்தில் திரண்டு வந்தன. மற்ற நாள்களில் வரவில்லை. விரிவுரையாளர்கள் கூறும் விளக்கத்தின்படி, அவர்களில் ஒரு சாரார் முதல்நாளே பள்ளம் தோண்டியும் வலை விரித்தும் வைத்துவிட்டு, மறுநாள் வந்து மீனை அள்ளினர். சனிக்கிழமையில் கை நனையவில்லை. கட்டளையின் சொல் பிழைத்தது, பொருள் செத்தது. அவர்கள் கடுந்தண்டனைக்கு ஆளாயினர்.

அந்த மீன் ஹராமானதன்று, காலமே தடுக்கப்பட்டிருந்தது. நோன்பாளிக்குத் தண்ணீர் எப்படியோ அப்படி. நடுப்பகலில், ஆளில்லாத வீட்டில், குளிர்ந்த பானைக்கு அருகே அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவன் அதைத் தொடாமல் மஃரிப் பாங்குக்குக் காத்திருக்கிறானே, அவனிடம் அக்கடற்கரை ஊரார் தோற்றுவிட்டனர்.

‘அது இறைவனின் கட்டளை, இது அரசாங்கம் வகுத்த விதிதானே’ என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் ஒரே தரத்தவை என்று நாம் சொல்லவில்லை. மனிதர் வகுத்த விதி பிழைபடலாம், மாற்றவும் படலாம். ஆனால் பலருக்கும் பொதுவான ஒன்றைக் காக்க, பலரும் ஏற்றுக்கொண்ட விதி ஓர் உடன்படிக்கை. அதை மீறுவோன் கடலிடமிருந்து எடுக்கவில்லை. காத்து நிற்கும் அண்டை வீட்டான் பங்கிலிருந்தும், நாளை பிறக்கப்போகும் பிள்ளையின் பங்கிலிருந்தும் எடுக்கிறான்.

பசித்தவன் நிலை வேறு. இந்த ஏப்ரல் 15ஆம் தேதி நமக்கும் பழக்கமானதே. அங்கே பருவம் திறக்கும் அதே நாளில் தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குக் கடல் அடைபடுகிறது. 2001இல் தொடங்கிய இத்தடை 45 நாள்களாக இருந்து, 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களாக நீண்டது. நாட்டுப் படகுக்காரருக்கு விலக்கு உண்டு. மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. இங்கே காத்திருப்பதன் விலை அடுப்பில் தெரிகிறது. லாங் ஐலண்டில் பொழுதுபோக்காகத் தூண்டில் எறிவோன் இழப்பது சில மாலைகளின் களிப்பை மட்டுமே. இராமேசுவரத்துப் படகுத் தொழிலாளி கூலியை இழந்து காக்கும் விதியை, களிப்பை இழந்துகூடக் காக்க முடியாதவன் என்ன காரணம் சொல்வான்?

இன்னுமொன்று. அந்த ஊராரில் மூன்று பிரிவினர் இருந்தனர்: மீறினோர், தடுத்தோர், ‘இவர்களுக்கு ஏன் உபதேசிக்கிறீர்கள்’ என்று தடுத்தோரையே கேட்டு ஒதுங்கினோர். தடுத்தோர் தப்பினர், மீறினோர் தண்டிக்கப்பட்டனர் என்று திருமறை தெளிவாகச் சொல்கிறது. ஒதுங்கினோரின் முடிவை அது வெளிப்படச் சொல்லவில்லை. அவர்கள் என்ன ஆயினர் என்று விரிவுரையாளர்கள் பன்னெடுங்காலமாகக் கருத்து வேறுபட்டு வருகின்றனர்.

நம்மில் பெரும்பாலோர் மீறுவோரும் அல்லர், தடுப்போரும் அல்லர். சந்தையில் எடை குறைவதையும், வரிசையில் ஒருவன் முந்துவதையும், கூட்டுச் சொத்தில் ஒருவன் முன்கூட்டியே கைவைப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். கரையில் தூண்டில் வீசுவோனைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, அவனுக்குப் பத்தடி தள்ளிக் கைகட்டி நிற்பவனைப் பற்றிப் பேசாமல் விடுவது நீதியாகாது. ஏனெனில் அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் நாம்தாம்.