விற்காத நேரம்

மணி பார்க்க மலிவான குவார்ட்ஸ் கடிகாரமே போதும். அப்படியிருக்க, ஒருவன் மாதக்கணக்கில் பற்றாசு பிடித்து, பழங் கண்ணாடிக் குழாய்களில் எண்கள் ஒளிரும் கடிகாரமொன்றைச் செய்வது வீண்வேலையா?

திருகோணமலையில் நின்று கேட்டால் இக்கேள்வி கனக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தை நெருங்குவதை இங்கிருந்த ராடர் முன்கூட்டியே கண்டது. அக்கருவியின் உயிர் வால்வுகளே. குழாய் அன்று போருக்கு உழைத்தது. 1957இல் பிரிட்டிஷார் தளத்தைக் கையளிக்கும்வரை, கப்பற்றளத் தொழிலாளியின் நாளையும் கடிகாரமே அளந்தது, அளந்தவன் எசமான்.

எண் காட்டும் நிக்சிக் குழாயை 1955இல் அமெரிக்க பரோஸ் கம்பெனி சந்தைக்கு விட்டது. கண்டிப்பாகச் சொன்னால் அது வெற்றிடக் குழாயன்று. உள்ளே நியான் வாயு. 0 முதல் 9 வரை எண் வடிவில் அமைந்த பத்து உலோகக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஏறத்தாழ 170 வோல்ட் மின்னழுத்தத்தில், வேண்டிய எண்ணைச் சுற்றிச் செம்மஞ்சள் ஒளி படரும். 1970களில் ஒளியுமிழ் டயோடு அதனை ஒதுக்கியது. சோவியத் தொழிற்சாலைகளின் மிச்சக் குழாய்களே இன்று ஆர்வலர் பலருக்கு மூலப்பொருள்.

சந்தை கைவிட்ட பொருளுக்குத் தான் விற்காத நேரத்தைக் கொடுக்கிறான் இந்த மனிதன். அதை நான் பழிக்க மாட்டேன். வேலைநாளைக் குறைப்பதே சுதந்திரத்துக்கு அடிப்படை என 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் கூறியது இத்தகைய மாலைகளுக்காகவும்தான்.

ஆனால் அந்த மாலை யாருக்கு வாய்க்கிறது? விடியலில் கரையேறி, கிழிந்த வலையைப் பொத்தும் இளைஞனின் விரல்களைப் பாருங்கள். நுண்கம்பியைப் பற்றவைக்க அவற்றால் முடியாதா? அவனுக்கு ஓய்வான ஒரு மாலையைப் பெற்றுத்தர நம் சங்கங்கள் எப்போதாவது கோரிக்கை வைத்ததுண்டா?