நோயுற்றார்க்கு உரைக்கத்தகுவது

புற்றுநோய் முற்றித் தீர்க்கும் மருந்தின் எல்லை கடந்தாரைக் காணச் செல்வார் சிலர், "இது பிராரத்தம், நுகர்ந்தே கழித்தல் வேண்டும்" என்று கூறி மீள்கின்றனர். யாமும் ஒருகால் அங்ஙனங் கூறி, நோயாளர் தம் முகத்தைச் சுவர்ப்புறந் திருப்பக் கண்டு நாணினோம். கூற்று சாத்திரத்துக்கு மாறன்று. கூறிய இடமே மாறு. வினைக்கொள்கை தன்னைத்தான் ஆராய்வானுக்கு விளக்கு. பிறர் புண்ணில் இடின் நெருப்பு.

சூலையால் வருந்திய மருணீக்கியார் திருவதிகையிற் போந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தபோது, திலகவதியார் பரசமயக் குழியில் வீழ்ந்து துயருழந்தமையைச் சொல்லினும் அவ்வளவில் நின்றிலர். இஃது இறைவன் அருளே எனத் தேற்றித் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு சென்றனர். இது சேக்கிழார் பெருமான் காட்டிய நெறி.

மேலைநாட்டு மருத்துவமும் பிற்காலத்தே இதனையொத்த உண்மையைக் கண்டது. 1967-இல் இலண்டனிற் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இந்நோயாளர் துன்பம் உடல், உள்ளம், சுற்றம், ஆன்மா என்னும் நான்கனையும் பற்றிய ஒரே துன்பம் எனக் கொண்டு, வலி தணித்தலோடு அவர் சொல்லைச் செவிமடுத்தலையும் மருத்துவமாக்கினர்.

ஆதலின், வலிக்கு மருந்து மருத்துவர் அளிக்க, நாம் அருகமர்ந்து அவரது அச்சத்தை இடைமறியாது கேட்போமாக, அவர் வேண்டின் திருநீறளித்துத் திருமுறை ஓதுவோமாக, இறுதிகாறும் கைவிடாதிருப்போமாக. திருவருள் அவர்க்குப் புலப்படும் வாயில் நம் பொறுமையாகவும் இருக்கலாம்.

திருச்சிற்றம்பலம்.